மயிலை நேமிநாதரும் மயிலை சீனி. வேங்கடசாமியும்

செஞ்சிக்கு வருவோர் பெரும்பாலும் கோட்டையைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். 1677இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை, 1714இல் தேசிங்குராசன் உயிர்நீத்த களம் என்னும் பெருமைகளோடு, 2025இல் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அது அறிவிக்கப்பட்டுவிட்டது. அங்கிருந்து கிழக்கே திண்டிவனம் போகும் பக்கத்தில் மேல்சித்தாமூர் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரைத் தேடிச் செல்வோர் மிகச் சிலரே. வாளெடுத்தவர்களின் நினைவு அவர்கள் எழுப்பிய மதில்களில் நின்றுவிடுகிறது. ஓலைச்சுவடி எடுத்தவர்களை நினைவில் நிறுத்த யாரேனும் ஒருவர் உட்கார்ந்து எழுதவேண்டியிருக்கிறது.

மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் தலைமைப்பீடம். காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்திலிருந்து இங்கு வந்ததாகக் கூறப்படும் ஜினகாஞ்சி மடம் இங்குள்ளது. பார்சுவநாதர் ஆலயமும், பாறையில் தீர்த்தங்கரர்களைப் புடைப்புருவாகச் செதுக்கிய பழைய கோயிலும் உண்டு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர் ஒரு இலட்சத்துக்கும் குறைவு. வடநாட்டிலிருந்து வந்து குடியேறிய வணிகக் குடும்பங்களும் அந்த எண்ணிக்கையில் அடங்கும். நயினார் என்ற பட்டத்தோடு, கழனியில் உழுதுகொண்டு, பொழுது சாய்வதற்கு முன் உணவை முடித்துக்கொள்ளும் தமிழ்ச் சமணக் குடிகள் இம்மாவட்டத்திலும் திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கங்களிலும் சிதறி வாழ்கின்றன.

இவ்வூருக்கும் நம்முடைய சாந்தோமுக்கும் ஓர் உறவு உண்டு. மயிலாப்பூர்க் கடற்கரையில் ஒருகாலத்தில் நேமிநாதர் கோயில் ஒன்று இருந்தது. கடல் ஊரை விழுங்கும் என்று அஞ்சிய சமணர்கள் அத்திருவுருவத்தை எடுத்துச் சென்று சித்தாமூரில் நிறுவினர் என்பது மரபு. மரபுதானே என்று தள்ளிவிட இயலாது. சாந்தோமில் கிடைத்த துண்டுக் கல்வெட்டொன்று நேமிநாத சுவாமிக்கு அளித்த கொடையைக் குறிக்கிறது. குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் என்று பெயரிட்டதும், அவிரோதி ஆழ்வார் திருநூற்றந்தாதி பாடியதும் இந்த மயிலை நேமிநாதரை எண்ணியே. புனித தோமையாரின் கல்லறையை நாடி நாம் சென்று முழந்தாளிடும் அந்த வட்டாரத்தில், நமக்கு முன்னே வேறொரு கூட்டமும் தமிழில் வேண்டிக்கொண்டிருந்தது.

இத்தகைய செய்திகளைத் தமிழ் வாசகர்களின் வீட்டுவாசல்வரை கொண்டுவந்து சேர்த்தவர்களுள் முதன்மையானவர் மயிலை சீனி. வேங்கடசாமி. 1900ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் அதே மயிலாப்பூரில் ஒரு சித்த மருத்துவரின் மகனாகப் பிறந்தவர். சிலகாலம் எழும்பூர் ஓவியப் பள்ளியில் பயின்றார். நீதிக்கட்சியின் 'திராவிடன்' நாளிதழில் பணியாற்றினார். பின்னர் மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியரானார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பல்கலைக்கழகப் பதவியோ ஆய்வு மாணவர் கூட்டமோ அவருக்குப் பின்னால் இல்லை. சிறுவர்களுக்கு எழுத்தறிவித்த நேரம் போக எஞ்சிய பொழுதில், கல்வெட்டுத் தொகுதிகளையும் பழைய அச்சுப் புத்தகங்களையும் புரட்டி எடுத்த குறிப்புகளே அவருடைய மூலதனம். பல்லவ மன்னர்களைப் பற்றியும், அழகுக் கலைகளைப் பற்றியும், கொங்கு நாட்டையும் துளு நாட்டையும் பற்றியும் எழுதினார். அவற்றையெல்லாம் இங்கே விரிக்க வேண்டியதில்லை. நமக்கு நெருக்கமானவை மூன்று: 'கிறித்துவமும் தமிழும்' (1936), 'பௌத்தமும் தமிழும்' (1940), 'சமணமும் தமிழும்' (1954).

இவ்வரிசையில் முதலில் வந்தது கிறித்தவம் என்பது எண்ணத்தக்கது. அவர் கிறித்தவர் அல்லர். அறிஞர் ச. த. சற்குணர் இதே பொருளில் ஆற்றிய சொற்பொழிவே அந்நூலுக்குத் தூண்டுதல் என்பர். கிறித்தவன் என்றால் வெள்ளைக்காரன் வேதத்தைக் கட்டியவன், தமிழுக்குப் புறத்தான் என்று எளிதாய்ப் பேசப்பட்ட காலம் அது. அப்பேச்சு இன்றும் முற்றாக ஓயவில்லை என்பது வேறு செய்தி. அந்தக் குற்றச்சாட்டுக்கு நாமே மறுமொழி சொன்னால் அது தற்காப்பாகத்தான் ஒலிக்கும். மயிலாப்பூர்த் தமிழாசிரியர் ஒருவர், நம்மிடம் எந்தப் பயனும் எதிர்பாராது, கணக்குப் பார்த்துச் சொன்னபோது அது சான்றாயிற்று. தத்துவ போதகர் உரைநடையில் நூல்கள் இயற்றியது, வீரமாமுனிவர் எகர ஒகரங்களின் குறில் நெடிலைப் பிரித்துக்காட்டியதும் 1732இல் சதுரகராதி தொகுத்ததும், தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் நிறுவிப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டது ஆகியன இன்று பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டன. 1578இல் கொல்லத்தில் அச்சான 16 பக்கத் 'தம்பிரான் வணக்க'த்தைப் பற்றியும் இன்று பலர் அறிவர். 1936இல் இத்தகைய செய்திகள் சிதறிக் கிடந்தன. கத்தோலிக்கர், புராட்டஸ்டாண்டார் என்று பிரித்துப் பாராமல் அவற்றை ஒரே கயிற்றில் கோத்தவர் அவர்.

சமண நூலில் அவருடைய உழைப்பு இன்னும் கடுமையானது. கிறித்தவர்களுக்குச் சபைகளும் அச்சகங்களும் பள்ளிகளும் இருந்தன. சமணருக்கோ சீவகசிந்தாமணிகூட 1887இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த பிறகே தமிழுலகில் மீண்டும் உலவத் தொடங்கியது. அப்பதிப்புக்கு வேண்டிய சமயப் பொருளை ஐயர் கும்பகோணத்துச் சமணர் வீட்டுத் திண்ணைகளில் கேட்டுத்தான் தெளிந்தார். வேங்கடசாமி அந்தத் திண்ணை அறிவை ஊர்தோறும் விரித்தார். சமணப் பள்ளி இருந்த இடம், குகைப்படுக்கை, சிதைந்த சிலை, கல்வெட்டு என்று மாவட்டவாரியாகப் பட்டியலிட்டார். சித்தாமூர் அப்பட்டியலில் உண்டு. அதற்கு அருகிலுள்ள திருநாதர்குன்றமும் உண்டு. அக்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் ஆசிரியரின் நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. பிராமி வட்டெழுத்தாக மாறிய படியைக் காட்டும் மிகப் பழைய கல்வெட்டுகளுள் அது ஒன்று.

இவ்வட்டாரச் சமணர் வழிவழியாகச் சொல்லும் கதையொன்றையும் குறிப்பிட வேண்டும். 1478 என்று அவர்கள் ஆண்டும் சொல்வர். செஞ்சியை ஆண்ட வேங்கடபதி என்பவன் ஒவ்வொரு உயர்குடியிலிருந்தும் ஒரு பெண் கேட்டான். தருவதாகச் சொன்ன சமணர் வீட்டுக்குக் குறித்த நாளில் அவன் வந்தபோது, பந்தலில் ஒரு பெண் நாய் மட்டும் கட்டப்பட்டிருந்தது. சினங்கொண்டவன் சமணரின் தலைகளை வாங்க ஆணையிட்டான். மாண்டவர் போக, எஞ்சியோர் நெற்றியில் நீறு பூசிக்கொண்டு, உள்ளத்தில் அருகனைச் சுமந்து, இருளில் வழிபட்டனர். உயிர்தப்பிச் சென்ற ஒருவர் சிரவணபெளகொளாவில் கற்றுத் துறவு பூண்டு திரும்பிவந்து, அவர்களைப் பழைய சமயத்தில் மீண்டும் நிலைநிறுத்தினார். இதில் வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்பதை ஆராய்வோர் ஆராயட்டும். மறைசாட்சிகளின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, மறைவாக வழிபட்ட அந்தக் குடும்பங்களின் அச்சம் புரியாமற் போகாது.

வேங்கடசாமியின் நோக்கம் ஒரு சமயத்தை உயர்த்துவதன்று. தமிழர் என்றொரு மக்களினம் எப்படி உருவாயிற்று என்ற கேள்வியே அவரைச் செலுத்தியது. சைவமும் வைணவமும் மட்டுமே தமிழ் என்று சொன்னவர்களுக்கு இலக்கணத்தையும் நிகண்டையும் காப்பியத்தையும் காட்டி, இவற்றை எழுதியவர் யார் என்று கேட்டார். களப்பிரர் காலம் இருண்ட காலம் என்ற முடிவையும் அவர் அப்படியே ஏற்கவில்லை. 1975இல் அதுபற்றித் தனிநூல் எழுதினார். 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' (1959) என்னும் நூல் இதே மனத்தின் விளைவு. பெயர் மட்டும் எஞ்சிய நூல்களை ஒவ்வொன்றாகத் தேடிக் குறித்துவைத்தார். இறந்தோர் திருநாளில் நாம் வாசிக்கும் பெயர்ப்பட்டியலை எனக்கு அந்நூல் நினைவூட்டுகிறது.

ஆயினும் அவருடைய அளவுகோலை நாம் அப்படியே கையில் எடுத்துக்கொள்ளலாகாது என்பது என் எண்ணம். மூன்று தலைப்புகளிலும் 'தமிழும்' என்ற சொல் நிற்கிறது. ஒரு சமயம் தமிழுக்கு என்ன கொடுத்தது என்பதே அங்கே முதற்கேள்வி. கொடுத்ததனால்தான் ஒருவன் நம்மவன் என்றால், ஒரு நூலும் எழுதாத, அகராதி தொகுக்காத எளிய குடியானவனின் நிலை என்ன? சந்திரநந்தி 57 நாள் பட்டினி கிடந்தது எழுத்தின் வரலாற்றுக்குச் சான்று தருவதற்காக அன்று. வீரமாமுனிவர் கடல் கடந்து வந்ததும் அகராதி தொகுக்க அன்று. இக்குறையை வேங்கடசாமியும் ஓரளவு உணர்ந்திருந்தார் போலும். சமண நூலில் அச்சமயத்தின் தத்துவத்துக்கும் துறவியரின் ஒழுக்கத்துக்கும் இடம் ஒதுக்கி, அவர்கள் நம்பியது இன்னது என்று அவர்கள் பக்கம் நின்று விளக்கியிருக்கிறார். பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமானவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. அந்த ஏட்டில் இந்து சமயமும் பௌத்தமும் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன. சமணத்தின் பெயர் இல்லை. அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே மயிலாப்பூர் ஆசிரியர் தம் பங்கைச் செய்து முடித்திருந்தார்.

1980இல் அவர் மறைந்தார். அவருடைய நூல்களை அரசு நாட்டுடைமையாக்கிவிட்டமையால் இன்று அவற்றை யாரும் அச்சிடலாம். பல பதிப்புகள் கிடைக்கின்றன. நான் பார்த்த பங்கு நூலகங்கள் சிலவற்றில் 'கிறித்துவமும் தமிழும்' இருக்கிறது. அதனருகே 'சமணமும் தமிழும்' இருக்கும் அலமாரியை இதுவரை ஒன்றுகூடக் காணவில்லை.