கணிப்பொறிக்குள் வானம் வந்த கதை

1976-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் வைக்கிங்-1 என்னும் அமெரிக்க விண்கலம் செவ்வாய்க் கோளின் தரையில் இறங்கியது. அது அனுப்பிய எண்களைக் கோத்து, மறுநாள் கணிப்பொறியின் உதவியால் ஒரு வண்ணப் படம் தயாரித்தார்கள். படத்தின் கீழ்ப்பகுதியில் செம்மண்ணும் கற்களும் கிடந்தன. மேற்பகுதியிலோ, நம் ஊரில் காண்பது போன்ற நீல வானம்! பார்த்தவர்கள் மகிழ்ந்து போனார்கள்.

அந்த நீலம் நெடுநேரம் நிலைக்கவில்லை. விண்கலத்தின் மேலேயே பொருத்தப்பட்டிருந்த வண்ண அட்டைகளின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, நிறங்களைச் சமன் செய்ததில் பிழை நேர்ந்திருப்பது தெரிய வந்தது. பிழையைத் திருத்தியதும் வானம் வெளிறிய இளஞ்சிவப்பாக மாறிற்று. செவ்வாயின் மெல்லிய காற்றில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கும் நுண்ணிய தூசிதான் அந்த நிறத்துக்குக் காரணம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வானத்தின் நிறம் மாறியபோது, மண்ணின் நிறமும் கற்களின் நிறமும் கூடவே மாறின.

உண்மையான ஓர் இடத்தின் படத்திலேயே இப்படி என்றால், இல்லாத மலையையும் இல்லாத ஏரியையும் எண்களைக் கொண்டே உருவாக்கும் கணிப்பொறி நிலக்காட்சிகளில் வானத்தை எப்படி வைப்பது? அந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

நிலா ஏன் கூடவே வருகிறது?

இரவில் பேருந்தில் போகும்போது சாலையோர மரங்கள் பின்னால் ஓடுகின்றன. நிலா மட்டும் நம்முடனேயே வருகிறது. குழந்தைகள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. நிலா மிகத் தொலைவில் இருப்பதால், நாம் சில கிலோமீட்டர் நகர்ந்தாலும் அது தெரியும் திசை மாறுவதில்லை என்பதே விடை.

கணிப்பொறி வானத்துக்கும் இதுவே அடிப்படை விதி. காட்சியைச் சுற்றி மிகப் பெரிய கோளம் ஒன்று இருப்பதாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள். பார்ப்பவர் எங்கே போனாலும் கோளத்தின் மையம் அவருடனேயே போகும். திரையின் ஒவ்வொரு படப்புள்ளி வழியாகவும் பார்வைக்கோடு ஒன்றைச் செலுத்துகிறது கணிப்பொறி. கோடு மலையில் முட்டினால் அங்கே மலையின் நிறம். எதிலும் முட்டாமல் வெளியேறினால், அது எந்தத் திசையில் வெளியேறுகிறது என்று மட்டும் பார்த்து, அத்திசைக்குரிய வானத்தின் நிறத்தை எடுத்து வைக்கிறது.

ஆனால் கோளத்தின் உட்புறத்தில் உள்ள வானத்தைத் தட்டையான படமாக எப்படிச் சேமிப்பது? இது புதிய சிக்கல் அன்று. உலக வரைபடம் வரைந்தவர்கள் எல்லாரும் சந்தித்த சிக்கல்தான். கி.பி. 100-ஐ ஒட்டி வாழ்ந்த டயர் நகரத்து மரினஸ் என்னும் புவியியலாளர், தீர்க்கரேகைகளையும் அட்சரேகைகளையும் செவ்வகக் கட்டங்களைப் போல நேர்க்கோடுகளாக வரையும் முறையைக் கையாண்டதாகத் தாலமி எழுதியிருக்கிறார். அதே முறைதான் இன்றும் வான்படங்களுக்கு மிகுதியாகப் பயன்படுகிறது. படத்தின் அகலம் அடிவானத்தைச் சுற்றி 360 பாகை. உயரம் காலடியிலிருந்து தலையுச்சி வரை 180 பாகை.

இம்முறையில் ஒரு குறை உண்டு. அடிவானத்தின் சுற்றளவைவிட 60 பாகை உயரத்தில் உள்ள வட்டத்தின் சுற்றளவு சரிபாதிதான். எனினும் படத்தில் இரண்டுக்கும் ஒரே அகலம். தலைக்கு நேர் மேலே இருப்பது ஒரே ஒரு புள்ளி. அதுவோ படத்தின் மேல் விளிம்பு முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. சாதாரணப் புகைப்படம் ஒன்றை அப்படியே எடுத்துக் கோளத்தில் ஒட்டினால், உச்சியில் மேகங்கள் எல்லாம் சுருக்குப்பையின் வாயைப் போல ஒன்றாகக் குவிந்துவிடுவது இதனால்தான்.

கெண்டியில் தெரிந்த சுற்றுப்புறம்

வளைந்த பரப்பின்மேல் ஒரு படத்தைப் பதிக்கும் வழியை 1974-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக் கழகத்தில் எட்வின் காட்மல் தம் ஆய்வேட்டில் விளக்கினார். அதே பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளின், மார்ட்டின் நியூவெல் இருவரும் 1976-இல், அதாவது வைக்கிங் செவ்வாயில் இறங்கிய அதே ஆண்டில், அடுத்த படியை எடுத்து வைத்தனர்.

நியூவெல் எண்களால் வடித்திருந்த தேநீர்க் கெண்டி ஒன்று கணிப்பொறிப் படக்கலையில் மிகவும் புகழ்பெற்றது. அந்தக் கெண்டி பளபளப்பானதாக இருந்தால் அதில் சுற்றுப்புறம் பிரதிபலிக்க வேண்டும் அல்லவா? அதற்காக அவர்கள் சுற்றுப்புறம் முழுவதையும் ஒரு கோளத்தின் உட்புறப் படமாக வைத்தார்கள். கெண்டியின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் பார்வைக்கோடு எந்தத் திசையில் செல்கிறதோ, அத்திசையின் நிறத்தைப் படத்திலிருந்து எடுத்துக் கெண்டியில் பூசினார்கள். வானத்துக்கு நாம் மேலே கண்ட அதே கணக்குதான்.

1986-இல் நெட் கிரீன் என்பவர் கோளத்துக்குப் பதிலாகக் கனசதுரத்தைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். பார்ப்பவரைச் சுற்றி ஒரு பெட்டி. அதன் ஆறு முகங்களுக்கும் ஆறு படங்கள். ஒவ்வொரு படமும் 90 பாகை அகலம் கொண்டது. உச்சியில் சுருக்குப்பைத் தொல்லை இல்லை. பெட்டியின் விளிம்புகளில் பக்கத்துப் படங்கள் இரண்டும் பொருந்தினால் போதும். 1999-ஆம் ஆண்டு வாக்கில் வீட்டுக் கணிப்பொறிகளின் பட அட்டைகளிலேயே இவ்வசதி இடம் பெற்றுவிட்டது.

மலைகள் முந்திக்கொண்டன

இதற்கிடையில் தரையின் கதை வேகமாக முன்னேறிக்கொண்டிருந்தது. மலையும் கடற்கரையும் மேகமும் கூம்பு, கோளம் போன்ற பள்ளிக்கூட வடிவங்களுக்குள் அடங்கமாட்டா; அவற்றின் சிறு பகுதியும் முழுமையைப் போலவே கரடுமுரடானது என்று காட்டியவர் பெனுவா மாண்டல்பிராட். அந்தக் கருத்தைக் கொண்டு விமானத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிய லோரன் கார்ப்பென்டர், முக்கோணங்களைத் திரும்பத் திரும்பப் பிளந்து மலைத்தொடர்களை உருவாக்கினார். அந்த மலைகளின் ஊடே பறந்து செல்வது போல அவர் தயாரித்த சுமார் இரண்டு நிமிடத் திரைப்படம் 1980-இல் சியாட்டில் நகரில் நடந்த மாநாட்டில் திரையிடப்பட்டது.

மலைகள் வந்துவிட்டன. வானமோ நாடகக் கொட்டகைப் படுதாவாகவே இருந்தது. காட்டுக் காட்சிக்கு ஒரு படுதா, அரண்மனைக் காட்சிக்கு ஒரு படுதா என்று மாற்றுவார்களே, அதுபோல எந்த வானத்தையும் எந்த மலைக்குப் பின்னாலும் தொங்கவிடலாம் என்ற நிலை. இதன் விளைவு என்ன? மாலைச் சூரியன் மேற்கே தாழ்ந்திருக்கும் வான்படத்தின் முன்னால், நண்பகல் வெயிலில் நிற்பது போன்ற மலை. இரண்டும் தனித்தனியே அழகானவை. சேர்த்துப் பார்க்கும்போது கண் ஏற்க மறுக்கிறது. காரணம் சொல்லத் தெரியாதவர்கூட, ஏதோ பொய் என்று உணர்ந்துவிடுவார்.

மேகங்களும் சந்திரசேகரும்

வானத்தைப் படமாக ஒட்டாமல் கணக்கிட்டே உருவாக்கினால் என்ன என்று சிலர் முயன்றனர். 1985-இல் ஜெப்ரி கார்டனர், நீள்கோள வடிவங்களின் மேல் ஒளிபுகும் தன்மையை இடத்துக்கு இடம் மாற்றி மேகங்களைப் படைத்தார். அதே ஆண்டில் கென் பெர்லின் வெளியிட்ட ஒழுங்கும் ஒழுங்கின்மையும் கலந்த எண் வரிசைமுறை, இன்றளவும் மேகம், புகை, பளிங்குக்கல் ஆகியவற்றை வரையக் கைகொடுக்கிறது.

வடிவம் கிடைத்தது. ஒளி? மேகத்துக்குள் நுழையும் ஒளி நீர்த்துளிக்கு நீர்த்துளி மோதிச் சிதறித்தான் வெளியே வருகிறது. இதற்கான கணிதம் வேறொரு துறையில் முன்பே ஆயத்தமாக இருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், விண்மீன்களின் வளிமண்டலத்தில் ஒளி எவ்வாறு பரவுகிறது என்பதை ஆராய்ந்து, கதிர்வீச்சுப் பரவல் பற்றி 1950-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். சூரிய ஒளி படும் நம் பூமியின் வானமும் அக்கணிதத்துக்குள் அடங்கியிருந்தது. 1982-இல் சனிக் கோளின் வளையங்களை வரைய முற்பட்ட பிளினும், 1984-இல் மேகங்களை வரைய முற்பட்ட ஜேம்ஸ் கஜியாவும் பிரையன் வான் ஹெர்சனும் நாடிச் சென்றது அந்தக் கணிதத்தைத்தான். விண்மீனுக்காகப் போட்ட கணக்கு, திரையில் மிதக்கும் மேகத்துக்கும் பயன்பட்டது!

வான் நீலத்தின் காரணத்தை 1871-இலேயே ராலே பிரபு விளக்கியிருந்தார். காற்றின் மூலக்கூறுகள் குறுகிய அலைநீள ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கின்றன. 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா ஒளி, 700 நானோமீட்டர் சிவப்பு ஒளியைவிடச் சுமார் 9 மடங்கு அதிகம் சிதறுகிறது. மாண்டல்பிராட்டுடன் யேல் பல்கலைக் கழகத்தில் பணியாற்றிய கென் மஸ்கிரேவ், தம் நிலக்காட்சிகளில் காற்றுக்கும் மூட்டத்துக்கும் மலைக்கு நிகரான இடம் கொடுத்தார். தொலைவு மலைகள் நீலம் பாய்ந்து மங்கத் தொடங்கின. காட்சிக்கு ஆழம் வந்தது. 1999-இல் பிரீத்தம், ஷெர்லி, ஸ்மிட்ஸ் ஆகிய மூவர், சூரியன் இருக்கும் இடத்தையும் காற்றின் கலங்கலையும் கொடுத்தால் பகல் வானத்தின் நிறத்தை எல்லாத் திசைகளுக்கும் சொல்லிவிடும் சூத்திரங்களை வெளியிட்டனர். 2012-இல் ஹோசெக், வில்கீ இருவரும் அவற்றின் குறைகளைக் களைந்து மேலும் செம்மைப்படுத்தினர்.

படுதா விளக்காயிற்று

வீட்டின் நிழலில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். வெயில் நேரே படாவிட்டாலும் தாள் இருட்டாக இல்லை. அதற்கு வெளிச்சம் தருவது எது? பெரும்பகுதி வானம்தான். நிழல்கள் சற்று நீலம் பாய்ந்து தெரிவதும் அதனால்தான். ஆகவே வானம் என்பது காட்சிக்குப் பின்னால் இருக்கும் துணி அன்று. காட்சி முழுவதன் மேலும் கவிந்திருக்கும் விளக்கு.

அப்படியானால் வான்படத்தைக் கொண்டே தரைக்கு ஒளியூட்டலாமே! 1984-இலேயே ஜீன் மில்லர், ராபர்ட் ஹாப்மன் இருவரும், பளபளக்கும் பந்தில் தெரியும் சுற்றுப்புறத்தைப் புகைப்படம் எடுத்து அதைப் பொருள்களுக்கு ஒளி தரும் படமாகப் பயன்படுத்தினர். ஆனால் ஒரு தடை இருந்தது. வழக்கமான கணிப்பொறிப் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள்தான். வெயில் நேரச் சூரிய வட்டமோ நீல வானத்தைவிட இலட்சக்கணக்கான மடங்கு பிரகாசமானது. படத்தில் வெண்மேகமும் 255, சூரியனும் 255 என்றால், அந்தச் சூரியனால் நிழல் விழச் செய்ய முடியாது. இத்தனைக்கும் வானில் அதன் அகலம் அரைப் பாகையளவுதான். 4,000 புள்ளி அகலமுள்ள முழு வான்படத்தில் அது ஆறு புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். நிலக்காட்சியின் வெயில் முழுவதும் அந்த ஆறு புள்ளி அகலத்திலிருந்துதான் வர வேண்டும்.

1997-இல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் இதற்கு நடைமுறை வழி ஒன்றைக் காட்டினர். ஒரே காட்சியைக் குறைந்த நேரம், கூடிய நேரம் என்று பலமுறை ஒளிபடச் செய்து எடுத்த புகைப்படங்களை இணைத்து, உண்மையான ஒளியளவுகளை எண்களாகப் பெற்றார்கள். அத்தகைய சுற்றுப்புறப் படத்தைக் கொண்டு, கணிப்பொறிப் பொருள்களை உண்மைக் காட்சியோடு வேறுபாடு தெரியாமல் இணைப்பது எப்படி என்று 1998-இல் டெபெவெக் செய்து காட்டினார். படுதா அன்றோடு விளக்காயிற்று. இன்று திரைப்படங்களில் நாம் காணும் கற்பனை மலைகளும் நகரங்களும் பெரும்பாலும் இவ்வழியிலேயே ஒளி பெறுகின்றன.

மீண்டும் செவ்வாய்

இப்போது நாம் தொடங்கிய இடத்துக்குத் திரும்பலாம். செவ்வாயின் வானம் இளஞ்சிவப்பாக இருந்தால், நிழலில் கிடக்கும் கல்லின் மேலும் அந்த நிற ஒளியே விழும். கல்லின் உண்மை நிறத்தை அறிய வேண்டுமானால், முதலில் வானத்தின் நிறத்தை அறிந்தாக வேண்டும். நிறத்தைப் பார்த்துத்தான் அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று ஆராய்ச்சியாளர் ஊகிக்கத் தொடங்குகிறார். ஆகவே இது வெறும் அழகுப் பிரச்சினை அன்று.

2015 ஏப்ரலில் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயில் சூரியன் மறையும் காட்சியை வண்ணத்தில் படம் பிடித்தது. பகலில் சிவந்து தெரியும் அந்த வானம், மறையும் சூரியனைச் சுற்றி மட்டும் நீலமாக இருந்தது. நம் அந்திக்கு நேர் எதிர்! நுண்தூசி நீல ஒளியை முன்னோக்கிச் சிதறடிப்பதால் நேரும் விந்தை இது. நம் ஊர் மாலை வானத்தின் படத்தை எடுத்துச் செவ்வாய் மலைக்குப் பின்னால் ஒட்டுபவர், மலையையே பொய்யாக்கிவிடுகிறார்.

1976-இல் அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு நீல வானம் இயல்பாகத் தோன்றியது. வானம் என்றால் நீலம் என்று பழகிய கண்கள் அவை. திருத்தியது வேறொரு கண் அல்ல. விண்கலத்தின் மேலிருந்த சிறு வண்ண அட்டை. கணிப்பொறித் திரையில் அழகிய நிலக்காட்சி ஒன்றை அடுத்த முறை காணும்போது, மலையைப் பார்த்து வியப்பதற்கு முன் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, என்ன நிறத்தில் விழுகிறது என்று ஒரு கணம் பாருங்கள். மேலேயுள்ள வானம் அந்தத் தரைக்கு உரியதுதானா என்பதை அந்த நிழல் சொல்லிவிடும்.