வார இறுதியில் வந்துபோகும் அப்பா

எந்த நலத்திட்டத்தைப் பற்றிப் படித்தாலும் தொகையை அப்புறம் பார்த்துக்கலாம்னு, முதலில் தகுதி விதிகளைத் தேடுவேன். அரசாங்கத்தின் மனசு அங்கேதான் தெரியும். அப்படிச் சிக்கிய ஓர் அமெரிக்க விதி இது.

1935-ல் ரூஸ்வெல்ட் காலத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டம், ஆதரவற்ற குழந்தைகளுக்கு உதவித்தொகை கொடுத்தது. பெற்றோரில் ஒருவர் இறந்திருக்கணும், வீட்டை விட்டுப் போயிருக்கணும், இல்லைன்னா உழைக்க முடியாத நிலையில் இருக்கணும். பணத்தில் ஒரு பங்கு மத்திய அரசுடையது. ஆனால் திட்டத்தை நடத்தியது மாநிலங்கள். வம்பு அங்கே ஆரம்பித்தது.

1964-ல் அலபாமா மாநிலம் 'மாற்றுத் தந்தை' என்று ஒரு விதி போட்டது. தாய்க்கு ஓர் ஆணோடு உறவு இருந்தால், அவனே அந்தப் பிள்ளைகளுக்கு அப்பா! அவன் பெற்றவனா, சோறு போடுகிறானா என்பதெல்லாம் கணக்கில்லை. அப்பா இருக்கிறார், ஆகவே பணம் கிடையாது. 1967 ஜனவரிக்குள் உதவி பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை சுமார் 16,000 குறைந்தது. விதியால் அடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்.

டல்லாஸ் கவுன்ட்டியில் நாலு பிள்ளைகளோடு இருந்த சில்வெஸ்டர் ஸ்மித்துக்கு 1966 அக்டோபரில் பணம் நின்றது. விடிகாலை மூன்றரை மணிக்கு உணவகத்துக்குப் போய் மதியம் வரை சமைத்துப் பரிமாறினால், வாரத்துக்கு 16 முதல் 20 டாலர் கிடைக்கும். வார இறுதியில் ஒருவர் அவரைப் பார்க்க வந்துபோனார் என்பதுதான் குற்றம். அந்த மனிதருக்கே மனைவியும் ஒன்பது பிள்ளைகளும் இருந்தார்கள். இந்த நாலு பேரைக் காப்பாற்ற அவருக்குச் சட்டப்படி எந்தக் கடமையும் இல்லை.

ஸ்மித் வழக்குப் போட்டார். ஒழுக்கத்தைக் காப்பாற்றத்தான் இந்த விதி என்றது மாநிலம். 1968 ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக விதியைச் செல்லாதென்றது. காப்பாற்றும் சட்டக் கடமை உள்ளவரே சட்டம் சொல்லும் 'பெற்றோர்' என்று தலைமை நீதிபதி எர்ல் வாரன் எழுதினார். தாயின் நடத்தைக்காகப் பிள்ளையின் தட்டில் கை வைக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

அந்தத் திட்டமே 1996-ல் முடிவுக்கு வந்தது. அதன் இடத்தில் வந்த திட்டம், மத்திய அரசுப் பணத்தில் தரும் உதவிக்குப் பொதுவாக 60 மாத உச்சவரம்பு வைத்தது. ஏழைத் தாயை எடைபோடும் பழக்கம் மட்டும் எந்த நாட்டிலும் லேசில் போவதில்லை. அடுத்த முறை ஒரு விண்ணப்பப் படிவம் கைக்கு வந்தால், 'தகுதியற்றவர்கள்' பகுதியை முதலில் படிச்சுப் பாருங்க.