மணற்கடலைக் கடந்த மோட்டார் சைக்கிள்

1977-ஆம் ஆண்டின் தொடக்கம். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இருபத்தேழு வயது இளைஞர் ஒருவர் வழி தவறிவிட்டார். அவர் பெயர் தியெரி சபீன், பிரெஞ்சு நாட்டவர். அபிஜான் நகரிலிருந்து பிரான்சின் நீஸ் நகரம் வரை நடந்த பந்தயத்தில் யமஹா எக்ஸ்.டி. 500 என்னும் மோட்டார் சைக்கிளை ஓட்டி வந்தவர். கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை மணலும் கல்லும்தான். மனித அரவமே இல்லை. தேடிச் சென்ற விமானம் ஒன்று அவரைக் கண்டதால் உயிர் தப்பினார்.

இப்படிப் பிழைத்து வந்த ஒருவர் மறுபடியும் பாலைவனத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார் என்றுதானே நாம் எண்ணுவோம்? சபீன் செய்தது நேர்மாறு. தாம் தொலைந்துபோன அந்த நிலத்தின் ஊடே மற்றவர்களையும் அழைத்துச் செல்ல ஒரு பந்தயத்தையே ஏற்படுத்தினார். 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸ் நகரின் ட்ரோக்கடேரோ சதுக்கத்திலிருந்து 182 வண்டிகள் புறப்பட்டன. அவற்றில் 90 மோட்டார் சைக்கிள்கள். சேர வேண்டிய இடம் செனகல் நாட்டின் தலைநகரான டாக்கார். தொலைவு ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர். 1979 ஜனவரி 14 அன்று டாக்காரை அடைந்தவை 74 வண்டிகள் மட்டுமே. ஓட்டுநர் ஒருவர் வழியிலேயே உயிரிழந்தார்.

வென்றவர் சிரில் நெவே என்ற இருபத்திரண்டு வயது இளைஞர். சபீன் ஓட்டிய அதே வகை எக்ஸ்.டி. 500 வண்டிதான் அவருடையதும். அது மின்னல் வேக வண்டி அன்று. 499 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஒரே சிலிண்டர், காற்றால் குளிரும் நான்கு வீச்சு எஞ்சின், சுமார் 30 குதிரைத்திறன். கடைக்குப் போய் யாரும் விலைகொடுத்து வாங்கக்கூடிய வண்டி. அதைவிட விரைவான கார்கள் பல அந்தப் பந்தயத்தில் இருந்தன. அப்படியானால் அது எப்படி வென்றது? விடையைப் பெரும்பாலும் புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில், வண்டியை ஆயத்தம் செய்த கொட்டகையில்தான் தேட வேண்டும். அந்தக் கொட்டகையில் நடந்தது பெரும்பகுதியும் பள்ளியில் நாம் படித்த இயற்பியலே.

முதலில் பெட்ரோல். இந்த வண்டியின் சாதாரண டாங்கில் ஒன்பது லிட்டர் அளவுதான் பிடிக்கும். நல்ல சாலையில் லிட்டருக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வண்டி, ஆழ்மணலில் பத்து ஓடினால் பெரிது. ஏனென்றால் அங்கே சக்கரம் உருளுவதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு அடிக்கும் மணலைத் தள்ளி ஒதுக்குகிறது. அந்த வேலைக்கான ஆற்றலும் பெட்ரோலிலிருந்துதான் வர வேண்டும். நானூறு கிலோமீட்டருக்கு ஒரு பெட்ரோல் நிலையம்கூட இல்லாத வழியில் நாற்பது லிட்டர் சுமந்தாக வேண்டும்.

பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது. லிட்டருக்கு ஏறத்தாழ முக்கால் கிலோகிராம். நாற்பது லிட்டர் என்றால் 30 கிலோகிராம். வண்டியின் எடையோ சுமார் 140 கிலோகிராம். இனி ஒரு சிறு கணக்கு. வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், டாங்கு 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். 140-ஐ 55-ஆலும், 30-ஐ 90-ஆலும் பெருக்கிக் கூட்டி, 170-ஆல் வகுத்தால் 61 வருகிறது. ஈர்ப்பு மையம் ஆறு சென்டிமீட்டர் மேலே போய்விட்டது! ஆறு சென்டிமீட்டர்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. வண்டி சற்றுச் சாய்ந்தாலும் அதைக் கவிழ்க்கும் திருப்புவிசை அந்த அளவுக்குக் கூடுகிறது. மணலில் வண்டி சாய்வதோ நிமிடத்துக்கு ஒருமுறை. டாங்கு பாதி காலியானதும் மீதிப் பெட்ரோல் உள்ளே அலைமோதித் தன் பங்குக்கும் தள்ளும். ஆகவேதான் பிற்காலப் பாலைவன வண்டிகளின் டாங்குகள் எஞ்சினின் இரு பக்கமும் யானைக் காதுபோலத் தொங்குகின்றன. கொள்ளளவைக் கூட்டிக்கொண்டே எடையைத் தாழ்த்தும் வழி அது.

எடை கூடினால் சுருள்வில்லும் கூடுதலாக அமுங்கும். ஹூக் விதியை ஆய்வகத்தில் சரிபார்க்கும் மாணவர்கள் அதை ஒரு மதிப்பெண் விஷயமாகவே பார்க்கிறார்கள். ஆனால் பாலைவனத்தில் அதன் பொருள் வேறு. வண்டி நிற்கும்போதே வில் பாதி அமுங்கிவிட்டால், பள்ளத்தில் விழும்போது அமுங்குவதற்கு மிச்சம் என்ன இருக்கும்? ஒரு மணல் மேட்டைத் தாண்டி வண்டி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது எனக் கொள்வோம். சக்கரத்தின் தாங்கிகள் அந்த வீழ்ச்சியைப் பத்து சென்டிமீட்டரில் நிறுத்தினால், வண்டி தாங்க வேண்டிய சராசரி விசை அதன் எடையைப்போல் பதினொரு மடங்கு. இருபது சென்டிமீட்டரில் நிறுத்தினால் ஆறு மடங்குதான். சட்டம் உடைவதும் உடையாமல் ஊர் போய்ச் சேர்வதும் இந்தப் பத்து சென்டிமீட்டர் வேறுபாட்டில் இருக்கிறது. எனவே கடினமான வில்லை மாற்றிப் பொருத்துவார்கள். அதிர்வைத் தணிக்கும் எண்ணெயையும் கெட்டியானதாக மாற்றுவார்கள். ஓயாத குலுக்கலில் அந்த எண்ணெய் சூடேறி நீர்த்துவிடும். பிறகு வண்டி கட்டில் வில்போலத் துள்ளத் தொடங்கும்.

டயரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பின்சக்கரத்தின் மீது 130 கிலோகிராம் எடை விழுகிறது. டயரில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோகிராம். அப்படியானால் தரையைத் தொடும் பரப்பு சுமார் 65 சதுர சென்டிமீட்டர். காற்றைப் பாதியாக இறக்கினால் பரப்பு இருமடங்காகும். ஒட்டகத்தின் அகன்ற பாதம் இதே தத்துவத்தில்தான் மணலில் புதையாமல் நடக்கிறது. ஆனால் ஒட்டகத்துக்கு ட்யூப் இல்லை! காற்றுக் குறைந்த டயர் சக்கர விளிம்பின் மேல் வழுக்கிச் சுழன்று, ட்யூபின் வால்வைப் பிய்த்துவிடும். இதைத் தடுக்க டயரை விளிம்போடு சேர்த்து இறுக்கும் பூட்டு ஒன்றை உள்ளே பொருத்துவார்கள். கல் நிறைந்த தரை வந்ததும் இறங்கி மறுபடி காற்றடிக்க வேண்டும்; இல்லாவிட்டால் விளிம்பு நசுங்கும். வார்ப்புச் சக்கரம் பார்வைக்கு அழகு. ஆனால் வெடித்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். கம்பி கோத்த சக்கரம் நெளிந்தாலும் சாவி கொண்டு நிமிர்த்திக்கொள்ளலாம்.

இனித்தான் உண்மையான எதிரிக்கு வருகிறோம். அது தூசி. 500 கன சென்டிமீட்டர் நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூச்சு இழுக்கிறது. நிமிடத்துக்கு 4,000 சுற்று என்றால் 2,000 மூச்சு. மூச்சுக்கு அரை லிட்டர். சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முழுமையாக நிரம்பாது என்றாலும், நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டரை நெருங்குகிறது. பத்து மணி நேரம் ஓடினால் 600 கன மீட்டர். பதினைந்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் உயரமும் உள்ள ஒரு கூடத்தின் காற்று முழுவதையும் அந்தச் சிறு சிலிண்டர் ஒரே நாளில் விழுங்கிவிடுகிறது! முன்னே செல்லும் வண்டிகள் கிளப்பிய புழுதி அதில் எவ்வளவு கலந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அதற்கு 7 எண். சாதாரண எஃகைவிடக் கடினமானது. எண்ணெயோடு கலந்த மணல் சாணைபிடிக்கும் பசையாகிறது. பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் தேய்ந்து, வண்டி புகை கக்கி, வலுவிழந்து, ஒரு நாள் நின்றுவிடும். ஓட்டுநர் அங்கே தனியாக நிற்பார்.

இதற்கு மருந்து மிகவும் மலிவானது. நுரைப் பஞ்சு ஒன்றை எண்ணெயில் நனைத்துக் காற்று நுழையும் வழியில் வைப்பதுதான். வளைந்து நெளிந்து செல்லும் துளைகளில் காற்று திரும்பிவிடும்; கனமான தூசித் துகளோ நிலைமத்தால் நேரே போய் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொள்ளும். அன்றைய களைப்பில் கண் சொக்கினாலும், அந்தப் பஞ்சை இரவில் பெட்ரோலில் அலசி, பிழிந்து, மீண்டும் எண்ணெய் தடவிப் பொருத்தாமல் படுக்கக் கூடாது. வடிகட்டிப் பெட்டியின் மூடி இடுக்குகளில் மசகு தடவி அடைப்பதும் முக்கியம். காற்று எப்போதுமே எளிய வழியைத் தேடும். சிறு ஓட்டை போதும், பஞ்சு இருந்தும் பயனில்லை.

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு மரைகளை ஒவ்வொன்றாகக் கழற்றும். ஆகவே முக்கியமான மரைகளைத் துளையிட்டுக் கம்பியால் கட்டுவார்கள். கிளட்ச் கேபிள் அறுந்தால் புதியதைக் கோப்பதற்கு நேரமாகும் என்பதால், மாற்றுக் கேபிளை முன்கூட்டியே பழையதன் பக்கத்திலேயே ஓட்டிவைத்துக்கொள்வார்கள். அறுந்ததும் முனைகளை மாற்றினால் போதும். எனக்கு இந்தப் பயண ஆயத்தங்களிலேயே மிகவும் பிடித்தது இதுதான். பெரிய அறிவியல் எதுவும் இல்லை. ஆனால் என்ன முன்யோசனை!

எக்ஸ்.டி. 500-இல் பிறவியிலேயே சில நல்ல குணங்களும் இருந்தன. எண்ணெய்க்குத் தனித் தொட்டி இல்லை. வண்டிச் சட்டத்தின் குழாயே எண்ணெய்த் தொட்டி. ஓடும்போது காற்றுப்பட்டு எண்ணெய் அங்கே குளிரும். மின்பொறிக்கு மேக்னெட்டோ இருப்பதால் பாட்டரி செத்தாலும் வண்டி ஓடும். கிளப்புவதற்குத்தான் பொறுமை வேண்டும். பெரிய பிஸ்டனை அழுத்தத்துக்கு எதிராக உதைப்பது எளிதன்று. எனவே சிலிண்டர் தலையில் ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல் வைத்திருந்தார்கள். அழுத்தம் குறைக்கும் நெம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மிதித்தால், பிஸ்டன் உரிய நிலைக்கு வந்ததற்கான குறி அதில் தெரியும். அப்போது உதைக்க வேண்டும். தவறாக உதைத்தால் நெம்புகோல் திரும்ப உதைக்கும்.

வழி காண்பதற்குக் காந்த ஊசி. இதிலும் ஒரு பாடம் உண்டு. வண்டியின் இரும்பும் மேக்னெட்டோவும் ஊசியைத் திருப்பிவிடும். ஆகவே எஞ்சினை நிறுத்தி, இறங்கி, சில மீட்டர் தள்ளிப் போய் நின்றுதான் திசை பார்க்க வேண்டும். ஐந்து பாகை பிழையானால் நூறு கிலோமீட்டரில் ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் விலகல். கிணறு ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும்.

ஆயத்தமில்லாமல் போனால் என்ன நேரும் என்பதற்கு 1982 ஜனவரியில் உலகமே அறிந்த ஒரு சம்பவம் நடந்தது. அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் மகன் மார்க், அந்தப் பந்தயத்தில் காரோட்டிச் சென்று சகாராவில் காணாமற் போனார். ஆறு நாட்களுக்குப் பின் அல்ஜீரிய விமானப்படை விமானம் அவர்களைக் கண்டுபிடித்தது. முன்னேற்பாடு எதுவுமே செய்யவில்லை என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். பிரதமரின் மகனைத் தேட விமானங்கள் பறக்கும். எல்லாருக்கும் அப்படிப் பறக்குமா?

இதற்கிடையில் ஜெர்மானியரும் களமிறங்கியிருந்தனர். 1980-இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. ஆர்.80 ஜி/எஸ் வண்டியின் பெயரிலுள்ள இரண்டு எழுத்துகளும் கரட்டு நிலம், சாலை என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகள். எதிரெதிராகப் படுத்த இரு சிலிண்டர்கள். அதனால் கனமான எஞ்சினின் எடை தாழ்ந்து நிற்கிறது. செயினுக்குப் பதில் சுழல்தண்டு. மணல் தின்பதற்குச் செயினே இல்லை. 1981-இல் யூபேர் ஓரியோல் இதில் வென்றார். 1984-லும் 1985-லும் இதே இனத்துப் பெரிய வண்டியில் வென்ற பெல்ஜியர் காஸ்டோன் ராயே உயரம் குறைந்தவர். வண்டிமேல் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது! ஓடும் வண்டி தானே நிமிர்ந்து நிற்கும், நிற்கும் வண்டிதான் விழும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1983-இல் யமஹா வெளியிட்ட எக்ஸ்.டி. 600 இசட் வண்டிக்குச் சகாராவின் ஒரு பகுதியான டெனெரே என்ற பெயரையே சூட்டி, சுமார் 30 லிட்டர் டாங்கையும் பொருத்தினார்கள். கொட்டகையில் கைவேலையாகச் செய்தது இப்போது தொழிற்சாலையிலேயே கிடைத்தது. 1986 முதல் 1989 வரை நான்கு ஆண்டுகள் வென்ற ஹோண்டா வண்டியில் 50 லிட்டருக்கும் மேல் பெட்ரோல் பிடித்தது. வண்டிகள் பெருத்தன, வேகம் கூடியது, விழுந்தால் அடியும் கூடியது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு அல்லவா வளர்கிறது? 1987-இல் வெற்றியை நெருங்கிவிட்ட ஓரியோல், டாக்காருக்கு முன்னதாக விழுந்து இரண்டு கணுக்கால்களையும் முறித்துக்கொண்டார். அப்படியே அன்றைய கட்டத்தை ஓட்டி முடித்து, பிறகு விலகினார். வெற்றி நெவேக்குப் போயிற்று. அவருக்கு அது ஐந்தாவது. பந்தயத்தைத் தொடங்கிய சபீன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1986 ஜனவரி 14 அன்று மாலி நாட்டில் நடந்த ஹெலிகாப்டர் விபத்தில் அவரும் வேறு நால்வரும் இறந்தனர்.

பாதுகாப்பு அச்சத்தால் 2008-இல் பந்தயம் கைவிடப்பட்டது. 2009-இல் தென் அமெரிக்காவுக்கும், 2020-இல் சவூதி அரேபியாவுக்கும் இடம் மாறிற்று. 2011 முதல் மோட்டார் சைக்கிள்களின் எஞ்சின் 450 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதி வந்தது. நெவேயின் 1979 எஞ்சினைவிடவும் சிறியது! 2015-இல் பெங்களூரைச் சேர்ந்த சி.எஸ். சந்தோஷ் இந்தப் பந்தயத்தை ஓட்டி முடித்த முதல் இந்தியர் ஆனார். 2024-இல் கேரளத்தின் ஹரித் நோவா, ஓசூர் டி.வி.எஸ். நிறுவனம் பிரெஞ்சு ஷெர்கோவுடன் சேர்ந்து நடத்திய அணிக்காக ஓட்டி, ராலி-2 பிரிவில் முதலிடம் பெற்றார். அவர் ஓட்டியதும் 450 வண்டிதான். இந்த வகை வண்டிகளில் பெட்ரோல் ஒரே டாங்கில் இல்லை. முன்னும் பின்னுமாகப் பிரிந்து, தாழ்வாக இருக்கிறது. காற்று வடிகட்டி இன்றும் எண்ணெயில் நனைத்த நுரைப் பஞ்சுதான்.