ஓவியமும் முகமும்: ‘குரூசேடர் கிங்ஸ்’ இரண்டிலும் மூன்றிலும்

‘குரூசேடர் கிங்ஸ்’ என்ற கணினி விளையாட்டை ஆடுபவர் போர்க்களத்தில் கழிக்கும் நேரம் குறைவு. வாசிப்பில் போகும் நேரமே அதிகம். இடைக்கால அரசகுலம் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாக நடத்திச் செல்லவேண்டும். எந்த வீட்டில் பெண்ணெடுப்பது, எந்தத் தம்பியை நம்புவது, சதியில் சிக்கியவனை மன்னிப்பதா சிறையில் தள்ளுவதா என்பதெல்லாம் திரையில் திறக்கும் ஒரு பெட்டிக்குள் கேள்வியாக வந்து நிற்கும். ஒரு படம், ஒரு பத்தி எழுத்து, கீழே இரண்டு மூன்று தெரிவுகள். ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த பாரடாக்ஸ் நிறுவனம் இதன் இரண்டாம் பாகத்தை 2012இலும் மூன்றாம் பாகத்தை 2020இலும் வெளியிட்டது. காலமும் களமும் ஆட்டத்தின் அடிப்படையும் பெரிதாக மாறவில்லை. அந்தப் பெட்டிக்குள் படமும் எழுத்தும் வேலையைப் பங்கிட்டுக்கொண்ட விதம் மாறிவிட்டது.

இரண்டாம் பாகத்தில் பெட்டியின் தலைப்பகுதியில் நீளவாக்கில் ஓர் ஓவியம் இருக்கும். கொள்ளைநோய், போர்முகாம், விருந்து, சிறை என்று ஒவ்வொரு வகைக்கும் ஒன்று. அதில் நிற்பவர் யாரோ ஒருவர். உங்கள் அரசர் அல்லர். உங்களவரின் பெயரும், அவரைக் காட்டிக்கொடுத்தவனின் பெயரும், நடந்தது எந்த ஊர் என்பதும் கீழேயுள்ள பத்தியில்தான் வரும். படம் பொதுவானது, எழுத்து குறிப்பானது. நாடகக் கொட்டகையில் ‘தர்பார்’ படுதாவைத் தொங்கவிட்டால் அன்று அரிச்சந்திரன் வந்தாலும் அது அவன் அவைதான், மறுநாள் வேறொருவன் வந்தாலும் அவன் அவைதான். இந்த ஓவியங்களும் அப்படிப்பட்ட படுதாக்களே.

ஆட்களின் முகத்துக்கு வேறோர் ஏற்பாடு. தபால்தலை அளவில் ஒரு தட்டையான உருவம், பதவிக்கேற்ற சட்டத்துக்குள் இருக்கும். கண், மூக்கு, வாய், முடி, உடை என்று தனித்தனியாக வரைந்த துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உருவாக்கிய முகம் அது. தந்தையின் மூக்கு மகனுக்கு வரும், வயதும் ஏறும். ஆனால் சிரிக்காது, சினக்காது. மகன் இறந்த செய்தி வந்தாலும் திருமணச் செய்தி வந்தாலும் அரசர் ஒரே பார்வைதான் பார்ப்பார். உணர்ச்சி முழுவதும் எழுத்தின் பொறுப்பு.

மூன்றாம் பாகத்தில் படுதா பின்னால் நகர்ந்து, ஆட்களே முன்னால் வந்துவிட்டார்கள். பெட்டி அகன்று மேடையாகிறது. பின்னணியில் அவை, தோட்டம், படுக்கையறை. அரசவைகூட ஐரோப்பாவில் ஒரு சாயலிலும் இந்தியாவில் வேறொரு சாயலிலும் தெரியும். முன்னால் முப்பரிமாணத்தில் உங்கள் அரசர். எதிரே அவரோடு வழக்காடும் ஆள். அரசர் உடல் பெருத்திருந்தால் பெருத்தே நிற்பார், முகத்தில் தழும்பிருந்தால் அதுவும் தெரியும்.

இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று பார்க்க, பெட்டியில் வரும் நிகழ்வை எழுதும் கோப்பைத் திறக்கவேண்டும். பழைய பாகத்தில் ‘பிக்சர்’ என்று ஒரு வரி; அதற்கு எதிரே ஓர் ஓவியத்தின் பெயர். அவ்வளவுதான். புதிய பாகத்தில் ‘தீம்’ என்ற வரி பின்னணியையும் ஒளியையும் ஓசையையும் தீர்மானிக்கும். இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார் என்று தனித்தனியே எழுதவேண்டும். ஒவ்வொருவருக்கும் ‘அனிமேஷன்’ என்ற வரியில் ஒரு பாவனையைக் குறிக்கவேண்டும்: கோபம், அச்சம், மகிழ்ச்சி, துயரம், வெட்கம், அருவருப்பு, அதிர்ச்சி. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அதைப் படித்தவருக்கு இந்தப் பட்டியலில் அச்சமும் உவகையும் அழுகையும் வெகுளியும் இளிவரலும் மருட்கையும் அடையாளம் தெரியும். எழுதுபவர் இங்கே பாதி எழுத்தாளர், பாதி நாடக இயக்குநர்.

ஆதாயம் வெளிப்படையானது. ‘அவன் பொய் சொல்கிறான் என்று தோன்றியது’ என எழுதவேண்டிய இடத்தில் ஒரு கோணல் சிரிப்பு போதும். ஆனால் படமும் எழுத்தும் என்று சாட்சி இருவரானால் வாக்குமூலம் முரண்படவும் வாய்ப்புண்டு. பத்தி ‘காலில் விழுந்து கதறினான்’ என்னும். கையிருப்பிலுள்ள பாவனைகளில் கதறல் நின்றபடியே முகம் பொத்துவதாக இருக்கும். கண் படத்தைத்தான் நம்பும், எழுத்து மிகைபோலத் தோன்றும். பழைய ஓவியத்திலும் பொருத்தமின்மை உண்டு. ஆள்வது அரசியாக இருக்க, படத்தில் தாடிக்காரர் நிற்பார். ஆனால் அவர் நம்மவர் அல்லர் என்று தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டதால் அது உறுத்துவதில்லை.

எழுத்தின் பக்கமும் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. இரண்டு பாகங்களிலும் ஒரு சின்னத்தின்மேல் சுட்டியை வைத்தால் குறிப்புப் பெட்டி விரியும். பழையதில் அது ஒரே அடுக்கு. பெட்டிக்குள் புரியாத சொல் இருந்தால் அதைத் தொட வழியில்லை; சுட்டியை நகர்த்தினால் பெட்டியே மறைந்துவிடும். புதியதில் சற்றுப் பொறுத்தால் பெட்டி நிலைத்து நிற்கும். அதிலுள்ள சொல்லின்மேல் சுட்டியை வைத்தால் இன்னொரு பெட்டி, அதற்குள்ளும் ஒன்று. மூலத்துக்கு உரை, உரைக்கு விளக்கம் என்று அடுக்கிப் படித்த மரபு நமக்கு உண்டு. திருக்குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரைக்கே உரை வேண்டியிருந்தது. அதே உத்திதான் இது. புதிதாக வருபவர் ஆட்டத்தை நிறுத்தி வேறெங்கும் தேடவேண்டியதில்லை. ஒரு சொல்லைத் தேடிப்போய் நான்காம் பெட்டியில் நிற்கும்போது முதல் கேள்வி மறந்துபோவதும் உண்டு.

ஒன்றில் இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். நிகழ்வுப் பத்திகள் துளையிட்ட வாக்கியங்கள். பெயரும் பட்டமும் ஊரும் ஆட்டத்தின்போதுதான் துளைகளில் வந்து விழும். இரண்டு பாகமும் தமிழில் வெளிவரவில்லை. வந்திருந்தால் முதல் தகராறு இங்கேதான் எழும். வேற்றுமை உருபு ஏற்கும்போது குமரன் ‘குமரனை’ ஆவான். செல்வம் ‘செல்வத்தை’ ஆவார். வள்ளி ‘வள்ளியை’ ஆவாள். வெறும் ‘ஐ’யை ஒட்டினால் வேலை நடக்காது.

எது மேல்? நூறு மணிநேரம் ஆடியபின் பழைய ஓவியங்கள் வழிகாட்டிப் பலகைகளாகிவிடுகின்றன. மேற்பகுதியைப் பார்த்தவுடன் நோய் என்று தெரிந்துவிடும். நோய் யாருக்கு என்று அறியப் பத்திக்குள் போவோம். படம் நம்மை எழுத்துக்கு அனுப்பிவைக்கிறது. புதிய பாகத்தில் பின்னணிகள் பழகிப்போகின்றன, முகங்கள் பழகுவதில்லை. சென்ற முறை குழந்தையாக நின்றவள் இன்று மணமகளாக நிற்கிறாள். பத்தியைத் தாண்டிக் கண் அவளிடம் போகிறது, பத்தி பாதியில் நிற்கிறது. பழைய பாகத்தை மூடும்போது என்ன நடந்தது என்று சொல்லமுடிகிறது. புதியதை மூடும்போது யாருக்கு நடந்தது என்பது கண்ணில் நிற்கிறது.