எவ்வளவு என்று சொல்லும், யார் என்று சொல்லாது: சுவாசத் தொற்றில் குருதிக் குறிப்பான்களின் வரலாறு

கொரோனாவின் இரண்டாம் அலையில், 2021இல், மருத்துவம் படிக்காதவர்களும் வாட்ஸ்அப்பில் ஒருவரையொருவர் "சி.ஆர்.பி. எவ்வளவு?" என்று விசாரித்துக்கொண்டார்கள். அந்த எண்ணின் கதை ஒரு வைரஸில் தொடங்கவில்லை.

1930இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லெட்டும் தாமஸ் ஃபிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் சீரத்தை ஆராய்ந்தார்கள். நியூமோகாக்கஸ் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்து 'சி' எனப் பெயரிட்ட பொருளைச் சேர்த்ததும், நோய் உச்சத்தில் இருந்தவர்களின் சீரத்தில் வீழ்படிவு தோன்றியது. குணமானபின் அதே நோயாளிகளிடம் அது தோன்றவில்லை. சீரத்தில் வினைபுரிந்தது எதிர்ப்பொருளாக இருந்தால் குணமாகும் கட்டத்தில்தான் அது பெருகியிருக்க வேண்டும். கீல்வாதக் காய்ச்சல் போன்ற, நியூமோகாக்கஸுக்குச் சம்பந்தமில்லாத நோய்களிலும் இதே வினை தென்பட்டபோது, அது நோய்க்கிருமியைக் காட்டும் அடையாளம் அல்ல என்பது தெளிவானது. 'சி'யோடு வினைபுரிந்த அந்தச் சீரப் பொருளைப் புரதம் என்று 1941இல் ஆஸ்வால்ட் ஏவரியின் ஆய்வுக்கூடம் நிறுவியது. அதுவே சி-ரியாக்டிவ் புரோட்டீன், சுருக்கமாக சி.ஆர்.பி. அதைச் சுரப்பது கல்லீரல் என்பது பின்னர் தெரிந்தது.

இதற்கிடையே மன்ட்ரியாலில் இன்னொரு இழை உருவானது. குளிர், காயம், நச்சு என எதற்கு ஆளாக்கினாலும் எலிகளின் அட்ரீனல் சுரப்பி பெருத்து, தைமஸ் சுருங்குவதை 1936இல் ஹான்ஸ் செல்யே எழுதினார். அட்ரீனல் புறணியின் ஹார்மோன்கள் இரத்தத்தில் லிம்போசைட் அணுக்களைக் குறைக்கின்றன என்று 1940களில் டௌகெர்ட்டியும் வைட்டும் காட்டினர். வைரஸ் காய்ச்சலில் லிம்போசைட் எண்ணிக்கை சரிவதில் வைரஸின் பங்கோடு உடலின் நெருக்கடிக்கும் பங்குண்டு என்று கருத இது இடமளித்தது. 2001இல் ஸ்லோவாக்கியாவின் சஹோரெக் உடல் நெருக்கடியின் அளவுகோலாக முன்வைத்த, இரு வகை வெள்ளையணுக்களை ஒப்பிடும் நியூட்ரோஃபில்-லிம்போசைட் விகிதம் இந்த வழியில் வந்ததுதான்.

இரண்டு இழைகளும் ஒரு மூலக்கூறில் சந்தித்தன. 1986இல் ஒசாகாவில் கிஷிமோட்டோ, ஹிரானோ குழுவினர் மரபணுவைப் பிரித்தெடுத்த இன்டர்லியூக்கின்-6 என்னும் சமிக்ஞைப் புரதம், கல்லீரலைத் தூண்டி சி.ஆர்.பி.யை உயர்த்துகிறது, மூளை வழியே அட்ரீனலையும் தூண்டுகிறது. அழற்சியும் அழுத்தமும் தனித்தனிப் பாடங்களாக இருந்தது நம் பாடநூல்களில்தான், உடலில் அல்ல.

2020இல் லண்டன் மருத்துவமனைகளில் சேர்ந்த 535 பேரிடம், அட்ரீனல் புறணியின் ஹார்மோனான கார்டிசால் அளவிடப்பட்டது. அவர்களில் 403 பேருக்குக் கொரோனா. கார்டிசால் லிட்டருக்கு 744 நானோமோலுக்கு மேல் இருந்த கொரோனா நோயாளிகளின் இடைநிலை உயிர்வாழ்வு 15 நாட்கள். அந்த அளவைத் தாண்டாத கொரோனா நோயாளிகளுக்கு 36 நாட்கள். கார்டிசால்தான் கொல்கிறது என்று இதை வாசிப்பது எளிது, பிழையும்கூட. அதே ஆண்டு ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, கார்டிசாலின் செயற்கை உறவான டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக அறிவித்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் ஏதும் தெரியவில்லை. ஆக, உயர்ந்த கார்டிசால் நோயின் கடுமையை அறிவித்ததே தவிர, ஸ்டீராய்டு வேண்டாம் என்று சொல்லவில்லை.

2021இல் அதே ஆய்வு, இன்டர்லியூக்கின்-6 ஏற்பியைத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்தைச் சோதித்த முடிவை வெளியிட்டது. ஆக்சிஜன் குறைவோடு, சி.ஆர்.பி. லிட்டருக்கு 75 மில்லிகிராமாவது இருந்தவர்களே சேர்க்கப்பட்டார்கள். 28 நாட்களில் இறப்பு 35 விழுக்காட்டிலிருந்து 31 ஆனது. இந்த வரலாற்றில் முக்கியத் திருப்பம் இதுவே என்பது என் மதிப்பீடு: யார் தாக்கினார் என்று சொல்ல இயலாத ஒரு புரதம், யாருக்கு மருந்து என்று தீர்மானிக்கும் வாசலானது.

அந்த வாசல் ஒருமுறைதான் திறக்கும். டோசிலிசுமாப் செலுத்தியபின் கல்லீரலுக்குச் சமிக்ஞை போகாததால் சி.ஆர்.பி. வீழ்ந்துவிடும். புதிதாக ஒரு பாக்டீரியா நுரையீரலைத் தாக்கினாலும் அந்த எண் தாழ்ந்தே இருக்கக்கூடும். அப்போது மருத்துவர் நோயாளியின் மூச்சையும் சளியின் நுண்ணுயிர் வளர்ப்புச் சோதனையையும் நம்பியே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.