இப்னுல் ஹைதமின் ஏழு ஆடிகள்

மீலாத் மேடையிலும் பாடசாலை இஸ்லாமிய தினத்திலும் இப்னுல் ஹைதமின் பெயர் தவறாமல் வரும். "ஒளித்தெறிப்பு விதியைக் கண்டுபிடித்தவர்" என்று ஒரே வரியில் பேச்சாளர் முடித்துவிடுவார். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் படுகோணமும் தெறிகோணமும் சமம் என்பது கிரேக்கருக்கே தெரிந்த விஷயம். அலெக்சாந்திரியாவின் தொலமி கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே அதைக் கருவி வைத்துக் காட்டியிருந்தார். இரவல் புகழ் நமது அறிஞருக்கு எதற்கு? அவருடைய சொந்தச் சொத்தே ஏராளம். நான் தமிழ் படித்தவன், விஞ்ஞானம் எனது பாடமல்ல. ஆனாலும் அந்தச் சொத்து என்ன என்பதைத் தேடிப் பார்க்கவே விரும்பினேன்.

அவர் ஏறத்தாழ 965இல் பஸராவில் பிறந்து, 1040 அளவில் கெய்ரோவில் மறைந்தவர். அவரது கிதாபுல் மனாழிர் ஏழு பாகங்கள் கொண்டது. அதில் 4, 5, 6ஆம் பாகங்கள் முழுக்க முழுக்க ஆடிகளைப் பற்றியவை. மூன்று பாகம்! தெறிப்பு விதியை அவர் ஒரு தட்டையான ஆடியோடு விட்டுவிடவில்லை. தளவாடி ஒன்று, கோளம், உருளை, கூம்பு ஆகிய மூன்று வடிவங்களிலும் குவிவாகவும் குழிவாகவும் ஆறு என ஏழு ஆடிகளை இரும்பில் எடுத்து, ஒவ்வொன்றையும் சோதிக்கும் கருவியையும் விவரித்தார். வளைந்த பரப்பில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அந்த இடத்துச் செவ்வனை வைத்துப் பார்த்தால் அதே விதிதான் என்பது அதிலே தெரிகிறது.

அப்படியானால் உருவம் ஏன் பெருக்கிறது, சிறுக்கிறது? வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், கரண்டியில ஒரு பக்கம் மொகம் சின்னனா தெரியுது, மத்தப் பக்கம் தலகீழா தெரியுதே?" இன்றைய கணக்கில் சொல்வதென்றால், குவியத்தூரம் 10 சென்ரிமீற்றரான குழிவாடி ஒன்றின் முன் 5 சென்ரிமீற்றரில் ஒரு பொருளை வைத்தால், விம்பம் நிமிர்ந்து இரு மடங்காகும். 20இல் வைத்தால் தலைகீழாகி, அளவு சமமாகும். 30இல் வைத்தால் தலைகீழாகவே பாதியாகிவிடும். அதே குவியத்தூரமுள்ள குவிவாடியிலோ 30இல் வைத்த பொருள் காற்பங்காகத் தெரியும். பொருளை எங்கே நகர்த்தினாலும் குவிவாடி அதைப் பெருப்பித்துக் காட்டவே மாட்டாது.

இப்னுல் ஹைதமிடம் இந்தச் சூத்திரம் இல்லை. எல்லாம் கேத்திர கணிதம்தான். ஆறாம் பாகத்தில், ஒவ்வோர் ஆடியும் கண்ணை எப்படி ஏமாற்றுகிறது, அளவையும் வடிவத்தையும் இடத்தையும் எப்படி மாற்றிக் காட்டுகிறது என்று ஒவ்வொன்றாக ஆராய்கிறார்.

எனக்கு மிகப் பிடித்தது இரண்டாம் பாகத்தில் உள்ள ஒரு கருத்து. ஒரு பொருளின் பருமனை நாம் அது கண்ணில் அமைக்கும் கோணத்தைக் கொண்டு மட்டும் அறிவதில்லை, தூரத்தையும் சேர்த்தே மனம் தீர்ப்பளிக்கிறது என்கிறார். இதை வைத்து வாகனத்தின் பக்கக் கண்ணாடியைப் பாருங்களேன். அது குவிவாடி. அதன் விம்பம் உண்மையில் ஆடிக்குப் பின்னால் மிகக் கிட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் உருவம் சின்னதாகத் தெரிவதால், பின்னால் வரும் பஸ் இன்னும் தூரத்தில் என்று நாம் நினைத்து விடுகிறோம். வீதியில் உயிர் போகிற விஷயம் இது.

ஐந்தாம் பாகத்துக் கணக்குத்தான் அவரது பெயரிலேயே நிலைத்தது. கண் ஓரிடத்தில், பொருள் ஓரிடத்தில். கோள ஆடியின் எந்தப் புள்ளியில் பட்டு ஒளி கண்ணுக்கு வரும்? கேட்கச் சுகம்தான். குழிவாடியில் அப்படியான புள்ளிகள் நான்கு வரைகூட இருக்கலாம், அதாவது ஒரே பொருளுக்கு நான்கு விம்பங்கள். வட்டத்தையும் அதிபரவளைவையும் வெட்டச் செய்து இதைத் தீர்த்தார். நூல் லத்தீனுக்குப் போய், 1572இல் பாசல் நகரில் அச்சேறியது. ஐரோப்பியர் அவரை அல்ஹாசன் என்றார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஹைஜென்ஸ் இதே கணக்குக்கு இன்னும் நேர்த்தியான தீர்வு தேடினார்.

நமது பிள்ளைகளின் கணிதப் பெட்டியில் கவராயமும் அடிமட்டமும் இருக்கின்றன. புத்தகத்தில் உள்ள கதிர்ப் படங்களை வரைய அவை போதும். இந்தக் கணக்குக்கு மட்டும் அவை பொதுவாகப் போதா என்பதை 1997இல் ஒக்ஸ்போர்ட்டின் பீற்றர் நியூமன் நிறுவிக் காட்டினார். இப்னுல் ஹைதம் அந்த இரண்டையும் தாண்டி அதிபரவளைவைக் கையில் எடுத்தது ஏறத்தாழ ஆயிரம் வருடத்துக்கு முன்னர்.