பயிற்றுநர் மாற்றமும் இரசிகர் விவாதமும்

உதைபந்தாட்டக் கழகம் ஒன்று புதிய பயிற்றுநரை நியமித்ததும் அதன் இரசிகர்கள் இரண்டு கேள்விகளைக் கையில் எடுக்கிறார்கள். வருகிறவர் அணியை எப்படி விளையாட வைப்பார் என்பது ஒன்று. அதற்காக யாரை எடுப்பார், யாரை விடுவார் என்பது மற்றது. விளையாட்டுச் செய்திகள் இவற்றைத் தனித்தனியாகப் போட்டாலும் இரண்டும் ஒரே விடயத்தின் இரு பாதிகள்தான். கையில் உள்ள வீரர்களை விட்டுவிட்டு ஆட்டபாணியைப் பேசினால் அது வெறும் விருப்பமாகவே நின்றுவிடும். பாணி என்னவென்று தெரியாமல் ஒரு வீரர் தேவையா இல்லையா என்று சொல்லவும் முடியாது.

வலிகாமம் வடக்கில் தெல்லிப்பழைக்கும் மல்லாகத்துக்கும் அயலில் உள்ள அளவெட்டியிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஏனைய ஊர்களிலும் இளைஞர்கள் இதை அதிகம் பேசுவது இங்கிலாந்து பிரீமியர் லீக்கை வைத்துத்தான். அதற்கு நேரமும் ஒரு காரணம். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இலங்கையில் குளிர்காலத்தில் இரவு 8.30க்கும், கோடையில் 7.30க்கும் வருகிறது. அந்த 3 மணி ஆட்டங்களைப் பிரித்தானியத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டத் தடை உண்டு. தெற்காசியாவில் அந்தத் தடை இல்லை. ஆகவே லண்டனில் இருக்கும் மச்சான் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்க முடியாத ஆட்டத்தை அளவெட்டியில் இருப்பவர் இராச்சாப்பாட்டோடு பார்த்துவிடுகிறார். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பெயர்பெற்ற இந்த ஊரில், ஒரே இராகத்தை இருவர் எப்படி வேறுபட வாசித்தார்கள் என்று கோயில் வீதியில் இருந்து பேசிய மரபு பழையது. ஒரே பதினொருவரை இரு பயிற்றுநர்கள் எப்படி வேறுபட ஆட வைத்தார்கள் என்ற பேச்சும் அந்த வகையைச் சேர்ந்ததே.

ஆட்டபாணி

பயிற்றுநரின் பாணி மூன்று இடங்களில் தெளிவாகத் தெரியும். பின்வரிசை களத்தில் எவ்வளவு முன்னே நிற்கிறது என்பது முதலாவது. பந்தை இழந்தவுடன் வீரர்கள் அதைப் பறிக்கப் பாய்கிறார்களா, அல்லது பின்வாங்கி ஒழுங்காக நிற்கிறார்களா என்பது அடுத்தது. பந்து கிடைத்தபின் கோல் காப்பாளரிடமிருந்தே சிறு பாஸ்களாகக் கட்டி வருகிறார்களா, நீளமாக அடித்து முன்கள வீரரைத் தேடுகிறார்களா என்பதையும் கவனித்தால் படம் முழுமையாகும். 4-3-3, 3-4-3 என்ற எண்களைப் பற்றி இரசிகர்கள் நெடுநேரம் வாதிடுகிறார்கள். ஆனால் ஒரே 4-3-3 இல் இரண்டு பயிற்றுநர்கள் நேரெதிரான ஆட்டத்தை ஆடலாம். எண்களைவிடப் பின்வரிசை நிற்கும் இடமே அதிகம் சொல்லும்.

இதற்கு நன்கு தெரிந்த உதாரணம் டொட்டன்ஹாம். 2023 நவம்பர் 6ஆம் திகதி செல்சியுடன் சொந்த மைதானத்தில் ஆடியபோது அந்த அணியின் இருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினர். எஞ்சிய ஒன்பது பேரையும் பயிற்றுநர் ஏஞ்ச் பொஸ்டெகொக்லு பின்வாங்க விடவில்லை. பின்வரிசை நடுக்கோட்டுக்கு அருகிலேயே நின்றது. முடிவு 4-1 தோல்வி. அன்று தொடங்கிய வாதம் 2025 வரை ஓயவில்லை. 2024-25 பருவத்தில் டொட்டன்ஹாம் பிரீமியர் லீக்கில் 17ஆம் இடத்தில் முடித்தது. அதே பருவத்தில், மே 21ஆம் திகதி பில்பாவோவில் மன்செஸ்டர் யுனைட்டெட்டை 1-0 என வென்று யூரோப்பா லீக் கிண்ணத்தையும் எடுத்தது. 2008க்குப் பின் அந்தக் கழகத்துக்குக் கிடைத்த முதற் கிண்ணம் அதுதான். அதன்பின் 16 நாள்களில் பொஸ்டெகொக்லு பதவி நீக்கப்பட்டார். கிண்ணத்தை வைத்து அளப்பதா, அட்டவணையை வைத்து அளப்பதா என்பதில் இரசிகர்கள் ஒருபோதும் ஒன்றுபடவில்லை.

சென்னையின் எப்.சி.யின் அனுபவம்

தமிழ் இரசிகர்களுக்கு நெருக்கமான, ஆழமாகப் பார்க்கத்தக்க சான்று சென்னையின் எப்.சி. 2014இல் இந்தியன் சூப்பர் லீக்குடன் பிறந்த இக்கழகம் நேரு விளையாட்டரங்கில் ஆடுகிறது. அங்கே பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்ற இரசிகர் குழுக்கள் மேளத்தோடு கூடுவது வழக்கம். 2015இல் மார்கோ மட்டராசியின் கீழும், 2017-18இல் ஜோன் கிரகரியின் கீழும் கழகம் சம்பியனானது. அஸ்டன் வில்லாவின் முன்னாள் பயிற்றுநரான கிரகரி பின்களத்தை இறுக்கி வைத்து, நிலைப்பந்துகளில் கோல் தேடுபவர். 2018 மார்ச் 17ஆம் திகதி பெங்களூரில் நடந்த இறுதியாட்டத்தில் அந்தப் பாணி முழுமையாக வெளிப்பட்டது. சுனில் சேத்ரி 9ஆவது நிமிடத்திலேயே பெங்களூரு எப்.சி.யை முன்னிலைப்படுத்தினார். பின்கள வீரர் மைல்சன் அல்வெஸ் இரண்டு மூலை உதைகளைத் தலையால் முட்டிக் கோலாக்க, ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைப் போட்டார். ஆட்டம் 3-2 என முடிந்தது.

அடுத்த பருவத்தில் அதே பயிற்றுநரின் கீழ் சென்னையின் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டும் பெற்று அட்டவணையின் அடியில் கிடந்தது. கழகம் கிரகரியை வைத்துக்கொண்டது. இரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தனர். 2019-20 தொடங்கியபோது முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் வரவில்லை. ஆறு ஆட்டங்கள் முடிய 5 புள்ளிகள். நவம்பர் இறுதியில் கிரகரி விலகினார். டிசம்பர் தொடக்கத்தில், பேர்ன்லியை 2009இல் பிரீமியர் லீக்குக்கு உயர்த்திய ஓவன் கொய்ல் வந்தார்.

பின்னர் நடந்தது உதைபந்தாட்டத்தில் அரிதாகக் கிடைக்கும் ஒரு சோதனை. முக்கிய வீரர்கள் எல்லோரும் கிரகரியின் காலத்தில் சேர்ந்தவர்களே. மாறியது பயிற்றுநர் மட்டும். கொய்லின் அணி பந்தை இழந்த இடத்திலேயே பறிக்கப் பார்த்தது. பிரேசில் வீரர் ரஃபேல் கிரிவெல்லாரோவுக்கு முன்கள வீரரின் பின்னால் சுதந்திரமாக நடமாட இடம் கிடைத்தது. அனிருத் தாப்பாவும் சாங்டேயும் இடைவிடாமல் முன்னேறி ஓடினார்கள். எஞ்சிய 12 லீக் ஆட்டங்களில் 24 புள்ளிகள் வந்தன. அணி 29 புள்ளிகளோடு நான்காம் இடத்துக்கு ஏறியது. அரையிறுதியில் எப்.சி. கோவாவைச் சென்னையில் 4-1 என வென்று, மறு ஆட்டத்தில் 4-2 எனத் தோற்று, மொத்தத்தில் 6-5 என இறுதிக்குப் போனது. லித்துவேனிய முன்கள வீரர் நெரியுஸ் வால்ஸ்கிஸ் 15 கோல்களுடன் தங்கப் பாதணி பெற்றார். 2020 மார்ச் 14ஆம் திகதி, பெருந்தொற்றால் பார்வையாளர் இல்லாத ஃபட்டோர்டா மைதானத்தில், ஏ.டி.கே. அணியிடம் 3-1 எனத் தோற்றதோடு அந்த ஓட்டம் முடிந்தது.

பயிற்றுநர் மாறி எதுவும் மாறாது என்பவர்களுக்கு இதைவிட வலுவான மறுப்புத் தேவையில்லை. ஆனாலும் முழுப் பெருமையையும் கொய்லுக்கே கொடுப்பது சரியாகாது. கழகங்கள் பொதுவாக அணி மிகவும் தாழ்ந்திருக்கும் நேரத்திலேயே பயிற்றுநரை மாற்றுகின்றன. கம்பத்தில் பட்டுத் திரும்பும் பந்தும் காயமும் சேர்ந்து அமுக்கிய ஆறு ஆட்டங்களுக்குப் பிறகு, யார் வந்திருந்தாலும் ஓரளவு மீட்சி வந்திருக்கும். அந்த அளவைக் கழித்த பின்னும் எஞ்சுவதுதான் பயிற்றுநரின் பங்கு. சென்னையில் அது நிச்சயமாகப் பெரிதாகவே இருந்தது.

2020இல் கொய்ல் ஜம்ஷெட்பூருக்குப் போனார். அதே பருவத்தில் வால்ஸ்கிசும் அங்கே சேர்ந்தார். கோவாவில் மூடிய வளையத்துக்குள் நடந்த 2020-21 பருவத்தில், ஹங்கேரியரான சாபா லாஸ்லோவின் கீழ் சென்னையின் 20 ஆட்டங்களில் 11ஐச் சமநிலையில் முடித்து, மூன்றை மட்டுமே வென்றது. மொத்தக் கோல்கள் 17. எதிரணிகளின் கோல்களைத் தடுக்கத் தெரிந்த அணிக்கு முடித்துவைக்க ஆள் இல்லை. அந்தப் பருவத்தில் பாணியைக் குறைகூறியவர்களைவிட, வால்ஸ்கிசின் இடத்துக்கு யார் என்று கேட்டவர்களே பிரச்சினையைச் சரியாகப் பிடித்தார்கள். ஜம்ஷெட்பூரோ கொய்லின் கீழ் 2021-22இல் லீக் கேடயத்தை வென்றது.

2023இல் கொய்ல் சென்னைக்குத் திரும்பியபோது எழுந்த மகிழ்ச்சி பெரிது. முதற் பருவத்தில் ஆறாம் இடமும் 2020க்குப் பின் முதன்முறையாக வெளியேற்றச் சுற்றும் கிடைத்தன, அங்கே எப்.சி. கோவாவிடம் 2-1 எனத் தோல்வி. 2024-25இல் அணி 11ஆம் இடத்துக்குச் சரிந்தது. 2025இல் அவர் பிரிந்தார். பெயர் அதே பெயர்தான், சூழல் வேறு. 2021-22 முதல் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கக்கூடிய வெளிநாட்டு வீரர்கள் ஐந்திலிருந்து நான்காகக் குறைந்திருந்தார்கள். அதனால் உள்நாட்டு வீரர்களின் தரத்துக்கு முன்னைவிட மதிப்புக் கூடியது. அவர்களில் முதன்மையானவரும் அணித் தலைவராக இருந்தவருமான தாப்பா 2023இலேயே மோகன் பகானுக்குப் போய்விட்டார். இரண்டாம் வருகையை முதல் வருகையோடு ஒப்பிட்டுக் கொய்லைக் குறை சொன்னவர்கள் இந்த வேறுபாட்டைப் போதிய அளவு எண்ணவில்லை.

வீரர் மாற்ற ஊகங்கள்

எந்த வதந்திக்கும் அடியில் ஒப்பந்தம் என்ற காகிதம் இருக்கிறது. 1995 டிசம்பர் 15ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் பெல்ஜிய வீரர் ஜோன்-மார்க் பொஸ்மனின் வழக்கில் அளித்த தீர்ப்பால், ஒப்பந்தம் முடிந்த வீரர் மாற்றுக் கட்டணமின்றி வேறு கழகம் போகலாம் என்றானது. ஒப்பந்தம் முடிய ஆறு மாதங்களோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் வேறு கழகத்துடன் முன்கூட்டியே கையெழுத்திட இன்றைய விதி இடமளிக்கிறது. ஜனவரியில் பேச்சுகள் கொதிப்பதற்கு இது ஒரு காரணம். மாற்றங்களை ஆண்டில் இரு காலங்களுக்குள் அடக்கும் முறை பிரீமியர் லீக்கில் 2002-03 பருவத்திலிருந்து நடைமுறையில் உள்ளது. கதவு திறந்திருக்கும் வாரங்கள் குறைவாக இருப்பதால் எல்லாச் செய்தியும் அந்த வாரங்களில் வந்து குவிகிறது.

செய்தி யாரிடமிருந்து கசிகிறது என்று பார்ப்பது பயனுள்ளது. முகவர் ஒருவர் தம் வீரருக்குச் சம்பளம் கூட்டிக் கேட்கும்போது, வேறொரு பெரிய கழகம் அவரைக் கேட்டதாகக் கதை விடுவது வழமை. விற்க நினைக்கும் கழகமும் அப்படியே செய்யும். ஆகவே வாங்கும் பக்கத்துப் பேச்சுக்கு மதிப்புக் கூட. புதிய பயிற்றுநர் முன்பு எங்கே யாரை வைத்து வென்றார் என்ற பழைய பதிவும் நல்ல தடயம்: கொய்லும் வால்ஸ்கிசும் அப்படித்தான் ஜம்ஷெட்பூரில் சந்தித்தார்கள். அதே வால்ஸ்கிஸ் 2022 ஜனவரியில் கொய்லை விட்டுச் சென்னைக்குத் திரும்பியதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தத் தடயமும் எப்போதும் உதவாது என்பது விளங்கும். மருத்துவப் பரிசோதனை முடிந்தது என்ற செய்தி வரும்வரை எதையும் உறுதியாக எடுத்துக்கொள்ளாத இரசிகர்கள் ஏமாறுவது குறைவு.

இலங்கை அணியும் புலம்பெயர் வீரர்களும்

தேசிய அணிக்கு வீரரை விலைக்கு வாங்க முடியாது. ஆயினும் இலங்கை அணியைச் சுற்றி அண்மைக் காலத்தில் வளர்ந்துள்ள பேச்சு வீரர் மாற்ற ஊகத்துக்கு மிக நெருங்கியது. பெற்றோரில் ஒருவரோ பாட்டன் பாட்டிமாரில் ஒருவரோ அந்த நாட்டில் பிறந்திருந்தால், குடியுரிமை பெற்ற வீரர் அந்நாட்டுக்கு ஆட பீஃபா விதி அனுமதிக்கிறது. அளவெட்டியில் பிறந்த அம்மம்மாவின் பேரன் நோர்வேயிலோ கனடாவிலோ நன்றாக ஆடினால், கோட்பாட்டளவில் அவர் இலங்கையின் சீருடை அணியலாம். வடக்கிலிருந்து பல்லாயிரம் குடும்பங்கள் போரினால் புலம்பெயர்ந்த நிலையில் இந்த விதி குடாநாட்டு இரசிகர்களுக்கு வெறும் சட்ட நுணுக்கமல்ல. சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன், இங்கிலாந்தில் பிறந்த டில்லன் டி சில்வா போன்றோர் இவ்வழியில் வந்தவர்கள்.

2023 ஜனவரியில் இலங்கைக்குப் பீஃபா விதித்த தடை அதே ஆண்டு ஓகஸ்டில் நீங்கியது. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த அன்டி மொரிசனுக்குப் பின் 2024இல் குவைத்தின் அப்துல்லா அல் முத்தைரி பயிற்றுநராகப் பொறுப்பேற்றார். அந்த செப்டெம்பரில் கம்போடியாவுடன் கொழும்பில் 0-0, புனோம் பென்னில் 2-2 என முடிந்த இரு ஆட்டங்களின் பின் சமநிலை தவிர்ப்பு உதையில் இலங்கை வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாணின் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தது. 2025 ஜூனில் சீன தாய்ப்பேயை 3-1 எனத் தோற்கடித்தது. பல ஆண்டுகள் பெரும்பாலும் தோற்றுவந்த அணிக்கு இவை பெரிய படிகள். வெளிநாட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒன்றாகப் பயிலக் கிடைப்பது ஆட்டத்துக்கு முந்திய சில நாள்களே. அதனால் சிக்கலான பாணியை எந்தப் பயிற்றுநரும் ஊன்ற முடியாது. பின்களம் ஒழுங்காக நிற்பதும் பந்து கிடைத்ததும் விரைந்து போவதும்தான் அத்தகைய அணிக்கு இயல்பாகப் பொருந்துகின்றன. உள்ளூர் லீக் வீரர்களின் இடம் பறிபோகிறது என்ற எதிர்ப்புக் குரலும் நியாயமானதே.

ஊர்க் கழகங்களும் பாடசாலைகளும்

யாழ்ப்பாணத்து ஊர்க் கழகங்களில் இதே விவாதம் மைதான ஓரத்தில் நடக்கிறது. அங்கே பயிற்றுநர் பெரும்பாலும் கழகத்தின் பழைய ஆட்டக்காரர். சம்பளம் இருந்தாலும் பெயரளவில்தான். அணிக்கு 7 பேர் அல்லது 9 பேர் கொண்ட விலகல் முறைச் சுற்றுப்போட்டிகள் வடக்கில் மிகுதி. சிறிய களத்தில், தோற்றால் வீட்டுக்கு என்ற நிலையில், பொறுமையாகப் பந்தைக் கட்டி ஆடும் பாணிக்கு இடம் குறைவு. வேகமும் தூர உதையும் எடுபடும். அந்தப் பழக்கத்தோடு 11 பேர் ஆட்டத்துக்கு வரும் இளைஞரை மாற்றுவதே புதிய பயிற்றுநரின் முதல் வேலை. வீரர் மாற்றம் இங்கே வேறு வடிவில் வருகிறது: நல்ல முன்கள வீரர் கொழும்புக் கழகத்துக்குப் போவார், அல்லது வெளிநாட்டுக்கே போய்விடுவார்.

பாடசாலை அணிகளில் வீரர் மாற்றத்துக்கே வாய்ப்பில்லை. அளவெட்டிக்கு அயலில் உள்ள தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பெண்கள் அணி தேசிய மட்டத்தில் பெயர் பெற்றது. அங்கே வயதெல்லை முடிந்ததும் மூத்த வீராங்கனைகள் விலக, அடுத்த வகுப்பிலிருந்து வருகிறவர்களைக் கொண்டே பயிற்றுநர் அணியை மீண்டும் அமைக்கிறார். வெளியிலிருந்து யாரையும் எடுக்க வழியில்லாததால், வருகிறவர்களின் வேகத்தையும் உயரத்தையும் பார்த்துத்தான் அந்த ஆண்டின் பாணி தீர்மானமாகிறது.